ஓ.டி. கணக்கு நாமே போடுவோம்!
(கற்றுக்கொள்வோம் பகுதி)



குழுக் கூட்டத்தில் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு ரூபாய் பிசகாமல் கணக்குப் பார்க்கிறோம். பதிவேட்டில் ஐந்து ரூபாய் இடித்தால்கூட "இது எங்கே போச்சு?" என்று கேட்காமல் விடுவதில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையை எடை போடும்போதும் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப மாட்டோம். ஆனால் மாதம் முழுவதும் உழைத்து வாங்கும் சம்பளச் சீட்டை மட்டும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

நம் பகுதியில் இருந்து எத்தனையோ பெண்கள் விடியற்காலையில் செஞ்சி கூட்டுரோட்டில் நின்று கம்பெனி வேன் ஏறிச் செல்கிறார்கள். ஷூ கம்பெனி, தையல் கம்பெனி, பாக்கிங் வேலை என்று திண்டிவனம், செய்யாறு வரைக்கும் போகிறார்கள். களப்பணிக்குப் போகும் இடங்களில் அவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: "மேடம், ஓ.டி. பார்த்தேன். காசு வந்திருக்கு. ஆனா சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்?"

அதற்கான பதிலைத்தான் இந்த மாதம் கற்றுக்கொள்ளப் போகிறோம். இதற்கு இயற்கணிதம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். 1990களில் அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்ற அக்காமார்களும் தாராளமாகப் போடலாம்.

தெரியாததற்கு ஒரு பெயர் வைப்போம்

இயற்கணிதத்தில் முதல் வேலை, நமக்குத் தெரியாத தொகைக்கு ஒரு எழுத்தைப் பெயராக வைப்பது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் வரை "பாப்பா" என்று கூப்பிடுகிறோம் இல்லையா, அது மாதிரி. விடை தெரியும் வரை அந்த எழுத்தை வைத்துக் கூப்பிடுவோம்.

நாம் மூன்று எழுத்துகளை வைத்துக்கொள்வோம்.

ம = ஒரு மணி நேரத்துக்கான கூலி
ஓ = ஓ.டி. பார்த்த மணி நேரம்
ப = ஓ.டி.க்குக் கூலியை எத்தனை மடங்காகப் போட்டார்கள் என்ற எண்

ஒரு பெண்ணுக்கு 8 மணி நேர வேலைக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

8 × ம = 480
ம = 480 ÷ 8 = 60

ஒரு மணிக்கூலி 60 ரூபாய். அவ்வளவுதான், ஒரு கணக்கு முடிந்துவிட்டது.

மாதச் சம்பளமாக இருந்தால்? வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு நாளைக்கு 8 மணி என்றால் 26 × 8 = 208 மணி. மாதச் சம்பளத்தை 208-ஆல் வகுத்தால் மணிக்கூலி வந்துவிடும். 12,480 ரூபாய் சம்பளம் என்றால் 12,480 ÷ 208 = 60 ரூபாய்.

(இந்தத் தொகைகள் கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டவை. குறைந்தபட்சக் கூலி தொழிலுக்குத் தொழில் மாறும். உங்கள் தொழிலுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

ஒரு ஓ.டி. மணி என்பது இரண்டு மணி

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, மிகைநேர வேலைக்குச் சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டம் மாறினாலும் இந்த விஷயம் மாறவில்லை. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பிலும் ஓ.டி.க்கு இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்றுதான் இருக்கிறது.

ஆகவே ப என்ற எண் 2 ஆக இருக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், ஒரு மணி ஓ.டி. பார்த்தால் இரண்டு மணி வேலை பார்த்த கூலி வர வேண்டும்.

இப்போது முழுக் கணக்கையும் எழுதலாம்.

மொத்தக் கூலி = சாதாரண மணி × ம + ஓ × ப × ம

மாதம் 16 மணி ஓ.டி. பார்த்த ஒரு சகோதரிக்கு:

208 × 60 = 12,480
16 × 2 × 60 = 1,920
மொத்தம் = 14,400 ரூபாய்

சீட்டில் இருப்பது என்ன?

அந்தச் சகோதரியின் சீட்டில் பிடித்தத்துக்கு முன்னால் மொத்தம் 13,440 ரூபாய் என்று இருக்கிறது. ஓ.டி. காசு வந்திருக்கிறது. அவரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனால் எத்தனை மடங்கு போட்டிருக்கிறார்கள்? நமக்குத் தெரியாதது ப. அதைக் கண்டுபிடிப்போம்.

12,480 + 16 × ப × 60 = 13,440

முதலில் 16-ஐயும் 60-ஐயும் பெருக்கினால் 960.

12,480 + 960 × ப = 13,440

இரண்டு பக்கமும் 12,480-ஐக் கழிப்போம். தராசில் இரண்டு தட்டிலும் ஒரே அளவு எடுத்தால் முள் அசையாது அல்லவா, அதே நியாயம்தான்.

960 × ப = 960
ப = 1

ஒற்றைக் கூலிதான் போட்டிருக்கிறார்கள். வர வேண்டியது 14,400. வந்தது 13,440. குறைந்தது 960 ரூபாய்.

ஒரே தொகை, இரண்டு பதில்

இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். இதே சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசில் கேட்கப் போனால், "உனக்கு டபுள் ரேட்தாம்மா போட்டிருக்கோம், நீ 8 மணி நேரந்தான் ஓ.டி. பார்த்திருக்கே" என்று சொல்லலாம். அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

12,480 + 8 × 2 × 60 = 13,440

அதுவும் சரியாக வருகிறது! 16 மணிக்கு ஒற்றைக் கூலி என்றாலும் 960, 8 மணிக்கு இரட்டைக் கூலி என்றாலும் 960. மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் சொல்வது உண்மை என்று எந்தக் கணக்கு வாத்தியாராலும் கண்டுபிடிக்க முடியாது. காரணம், தெரியாதது இரண்டு (ஓ, ப). நம் கையில் இருக்கும் சமன்பாடு ஒன்று. தெரியாதது இரண்டு இருந்தால் தகவலும் இரண்டு வேண்டும். இது இயற்கணிதத்தின் விதி.

அந்த இரண்டாவது தகவல் எங்கிருந்து வரும்? நம் கையால் எழுதி வைத்த குறிப்பேட்டில் இருந்துதான் வரும். ஒரு சின்ன நோட்டோ, வீட்டில் மாட்டிய காலண்டரோ போதும். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டு நேரம், ஓ.டி. எத்தனை மணி. இந்த ஐந்தையும் அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் ஞாபகத்தில் இருந்து எழுதுவது உதவாது. கூட வேலை செய்யும் நான்கு பேர் தனித்தனியாக எழுதி, நான்கும் ஒத்துப்போனால் அதற்கு இன்னும் பலம்.

குழுவில் தீர்மான நோட்டு எழுதாமல் எதுவும் செய்வதில்லை. அதே பழக்கம்தான் இது.

உச்ச நீதிமன்றம் வரை போன கணக்கு

நாம் போட்ட இதே கணக்கு டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 17 அன்று, குஜராத் அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், கூலியை அதே விகிதத்தில் கொடுத்தால் போதும் என்றது. 8 மணிக்கு 80 ரூபாய் என்றால் 12 மணிக்கு 120 ரூபாய் என்று அந்த அறிவிக்கையே ஒரு எடுத்துக்காட்டும் கொடுத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஒன்றரை மடங்கு வேலை, ஒன்றரை மடங்கு கூலி. நாம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ம = 80 ÷ 8 = 10 ரூபாய்
ஆறு நாளைக்கு அறிவிக்கைப்படி: 6 × 120 = 720 ரூபாய்

அப்போதிருந்த சட்டப்படி வாரத்துக்குச் சாதாரண வேலை 48 மணி. மீதி 24 மணியும் ஓ.டி.

48 × 10 = 480
24 × 2 × 10 = 480
மொத்தம் = 960 ரூபாய்

வாரத்துக்கு 240 ரூபாய் குறைகிறது. அதாவது வர வேண்டியதில் கால் பங்கு. இங்கேயும் ப = 1 என்றுதான் வரும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. நெருக்கடி காலம் என்பதற்காகத் தொழிலாளரின் உரிமைகளை எடுத்துவிட முடியாது என்றது. அறிவிக்கை வந்த நாளில் இருந்து வேலை பார்த்த தகுதியுள்ள எல்லாத் தொழிலாளருக்கும் 59-ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு ஓ.டி. கூலி கொடுக்கவும் உத்தரவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் ஒரு திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2023 மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சரியாக நூறு வருடத்துக்கு முன்பு, 1923 மே 1 அன்றுதான், சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேரம் என்ற அளவுகோல் சும்மா வந்துவிடவில்லை. அந்த அளவுகோல் இல்லாவிட்டால் ஓ.டி. என்ற சொல்லே இல்லை.

960 ரூபாய் என்பது எவ்வளவு?

"மாசம் ஆயிரம் ரூபாய்கூட இல்ல, அதுக்குப் போய் எதுக்குச் சண்டை" என்று சிலர் சொல்வார்கள். குழுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அந்தச் சகோதரி குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. முதல் மாத வட்டி 200 ரூபாய். விடுபட்ட 960 ரூபாய் கைக்கு வந்திருந்தால், 200 வட்டி போக 760 அசலில் கழிந்திருக்கும். மீதிக் கடன் 9,240. அடுத்த மாத வட்டி 184 ரூபாய் 80 காசு. இப்படியே கட்டிக்கொண்டு போனால் பன்னிரண்டாவது மாதம் கடன் முழுவதும் அடைந்துவிடும்.

சொந்த உழைப்பின் கூலி வராததால், அதே அளவு தொகைக்குக் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். பிள்ளையின் பீஸுக்கு வாங்கிய கடன் என்று எழுதுகிறோம். சீட்டைச் சரியாகப் பார்த்தால், பாதிக் கடனுக்குக் காரணம் அந்த ப என்ற எண்ணாக இருக்கலாம்.

வயல் வேலைக்கும் இந்தக் கணக்கு உதவும்

நாற்று நடவை மொத்தமாகப் பேசி எடுக்கும் சகோதரிகளுக்கு ஓ.டி. சீட்டு எதுவும் வராது. ஆனால் மணிக்கூலியைக் கண்டுபிடிக்கலாம். 12 பேர் சேர்ந்து ஒரு வேலையை 6,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், 8 மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

12 × 8 × ம = 6,000
96 × ம = 6,000
ம = 62 ரூபாய் 50 காசு

சேறு சரியாக இல்லை, நாற்று வந்து சேரத் தாமதம். வேலை 10 மணி நேரம் இழுத்துவிட்டது.

12 × 10 × ம = 6,000
ம = 50 ரூபாய்

கைக்கு வந்தது அதே 500 ரூபாய்தான். ஆனால் மணிக்கூலி 12 ரூபாய் 50 காசு இறங்கிவிட்டது. அதே மணிக்கூலி நிற்க வேண்டும் என்றால் 120 × 62.50 = 7,500 ரூபாய் பேசியிருக்க வேண்டும். அடுத்த முறை வேலை பேசும்போது "எத்தனை மணி நேரம்? நாற்று வர நேரமானா என்ன கணக்கு?" என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

சீட்டைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கைக்கு வரும் தொகையில் இருந்து போட்டால் விடை தப்பாகிவிடும். பி.எஃப். பொதுவாக 12 சதவீதம், இ.எஸ்.ஐ. தொழிலாளர் பங்கு முக்கால் சதவீதம் (0.75) பிடிப்பார்கள்.

2. ம கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்படையை மட்டும் எடுத்து இரண்டு மடங்கு போட்டிருந்தால் அங்கேயும் குறையும். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை தனி.

3. சம்பளச் சீட்டு கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

4. ஓ.டி. பார்க்க நம் சம்மதம் வேண்டும். பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்குவதற்கும் நம் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் இருக்க வேண்டும்.

5. கணக்கில் குறை தெரிந்தால் முதலில் சூபர்வைசரிடமோ ஆபீசிலோ நோட்டையும் சீட்டையும் காட்டி விளக்கம் கேளுங்கள். "ஏமாத்திட்டீங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். "இந்த வரி எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க சார்" என்று கேட்டால் போதும். தவறுதலாக விடுபட்டிருந்தால் அங்கேயே சரியாகிவிடும்.

6. தனியாகப் போகாதீர்கள். "கேட்டா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோ" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அது நியாயமான பயம்தான். ஒரே லைனில் வேலை செய்யும் ஐந்து பேர் ஐந்து நோட்டோடு போகும்போது அது ஒருத்தியின் பிரச்சினையாக இருக்காது.

7. அங்கே தீரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். ஊதியச் சட்டத்தொகுப்புப்படி மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை வைக்கலாம். அதனால் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே பத்திரமாக வையுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100.

குழுவில் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்

1. 8 மணி நேரத்துக்கு 440 ரூபாய் கூலி. ஒரு நாள் 2 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் அன்றைக்கு மொத்தம் எவ்வளவு வர வேண்டும்?

2. ஒரு தங்கைக்கு ஒரு வாரம் 48 மணி சாதாரண வேலை, 6 மணி ஓ.டி. இரட்டைக் கூலி சரியாகப் போட்டு மொத்தம் 3,900 ரூபாய் வந்தது. அவருடைய ஒரு நாள் கூலி எவ்வளவு?

3. ஒரு அக்காவின் மாதச் சம்பளம் 14,560. நோட்டில் ஓ.டி. 12 மணி. சீட்டில் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம் 16,240. இது சரியா, குறைவா?

கூட்டத்தில் பேசுவோம்

நம் குழுவில் எத்தனை பேர் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள்? அவர்களில் சம்பளச் சீட்டு கைக்கு வருவது எத்தனை பேருக்கு? வேலை நேரத்தை எழுதி வைப்பவர் யார் யார்? படிக்கத் தெரியாத உறுப்பினரின் நோட்டை யார் எழுதிக் கொடுப்பது? இந்த நான்கையும் பேசி, முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால் கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். அம்மாவின் சீட்டை வைத்துக் கணக்குப் படித்தால் பிள்ளைக்கும் மறக்காது.

விடைகள்

1. ம = 440 ÷ 8 = 55. ஓ.டி. 2 × 2 × 55 = 220. மொத்தம் 660 ரூபாய்.

2. 6 மணி ஓ.டி. என்பது 12 மணிக்குச் சமம். 48 + 12 = 60. ஆகவே 60 × ம = 3,900, ம = 65. ஒரு நாள் கூலி 65 × 8 = 520 ரூபாய்.

3. ம = 14,560 ÷ 208 = 70. ஓ.டி. 12 × 2 × 70 = 1,680. மொத்தம் 16,240. சீட்டு சரியாகவே இருக்கிறது, ப = 2. கணக்குப் போடுவது குறை கண்டுபிடிக்க மட்டும் இல்லை. சரியாக இருந்தால் சரி என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கவும்தான்.